மேட்டூர் நீர்த்தேக்கப் பரிசல்

மேட்டூர் நீர்த்தேக்கப் பரிசல் என்பது தமிழ்நாட்டின் மேட்டூர் அணை நீர்த்தேக்கத்திலும் அதனையொட்டிய காவிரி ஆற்றுப் பகுதிகளிலும் பயன்படுத்தப்படும் வட்ட வடிவமான சிறு படகு ஆகும். மூங்கில் பிளாச்சுகளால் கூடை போல முடையப்பட்டு, வெளிப்புறத்தில் நீர் புகாத உறை போர்த்தப்பட்ட இப்படகு, மீன் பிடிப்பதற்கும் ஆட்களையும் பொருட்களையும் அக்கரைக்குக் கொண்டு செல்வதற்கும் பயன்படுகின்றது. இதில் பாய்மரமோ, பாயோ, அடிக்கட்டையோ இல்லை. ஒரே ஒரு துடுப்பினால் இது செலுத்தப்படுகின்றது.

பரிசலின் வலிமை முழுவதும் அதன் முடைவிலும் விளிம்பிலும் அடங்கியுள்ளது. ஆனால் அம்முடைவின் வெளிப்புறத்தைத் தார் பூசிய உறை மூடி மறைக்கின்றது. ஆதலால் பயன்படுத்திய பழைய பரிசல் ஒன்றின் உண்மையான நிலையை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. அதனை வாங்குபவர் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதும் பரிசலின் கட்டமைப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

பெயர்

தமிழில் இப்படகு பரிசல் எனவும் பரிசில் எனவும் வழங்கப்படுகின்றது. கன்னடத்தில் ஹரிகோலு அல்லது தெப்ப எனவும், தெலுங்கில் புட்டி எனவும், மலையாளத்தில் குட்டவஞ்சி எனவும் இதனை அழைப்பர். மலையாளப் பெயர் கூடைப் படகு என்னும் பொருளைத் தருவது. பரிசல்கள் கரையிலிருந்து புறப்படும் இடம் பரிசல் துறை எனப்படும். பரிசலைச் செலுத்துபவர் பரிசலோட்டி ஆவார்.

மேட்டூர் நீர்த்தேக்கம்

காவிரி ஆற்றின் குறுக்கே மேட்டூரில் அணை கட்டும் பணி 1925 ஆம் ஆண்டில் தொடங்கி 1934 ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் இந்நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றும் அழைக்கப்படுகின்றது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். முழுமையாக நிரம்பும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் விரிந்திருக்கும்.

அணை கட்டப்பட்ட பின்னர் ஆற்றின் இயல்பு இப்பகுதியில் மாறிப்போனது. ஒகேனக்கலில் பாறைகளுக்கு இடையே விரைந்தோடும் காவிரி, நீர்த்தேக்கத்திற்குள் நுழைந்ததும் ஏரி போல அமைதியடைகின்றது. எனினும் திறந்த நீர்ப்பரப்பில் காற்று வீசும்போது, குறிப்பாக ஆடி மாதக் காற்றின்போது, ஆற்றில் காணப்படாத அலைகள் இங்கே எழுகின்றன. எனவே இங்குப் பயன்படும் பரிசல் நீரோட்டத்தை மட்டுமன்றி அலைகளையும் தாங்க வேண்டியுள்ளது.

நீர்மட்டம் ஆண்டுதோறும் பெருமளவு ஏறி இறங்குகின்றது. காவிரிப் படுகைப் பாசனத்திற்காக வழக்கமாக சூன் 12 அன்று அணை திறக்கப்படும். நீர் இருப்பைப் பொறுத்து இந்நாள் முன்பின்னாக மாறுவதுண்டு. 2018, 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அணை முழுக் கொள்ளளவை எட்டியது. மாறாக, நீர் மிகவும் குறையும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் மூழ்கியிருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி சிலையும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன. இத்தகைய கட்டட எச்சங்களும் கற்களும் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் காலத்தில் பரிசலின் அடிப்பகுதிக்குச் சேதம் விளைவிக்கக் கூடியவை.

நீர்த்தேக்கத்தின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களுக்கு இடையே சாலை வழியாகச் செல்வது நெடுஞ்சுற்றாகும். இதனால் சேலம் மாவட்டத்தின் பண்ணவாடிக்கும் தருமபுரி மாவட்டத்தின் நாகமரைக்கும் இடையிலும், கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் இடையிலும் நீர்வழிப் போக்குவரத்து ஏற்பட்டது. அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலிய இடங்களில் கட்டப்பட்டுள்ள கதவணைகளும் காவிரியில் நீர் தேங்கி நிற்கும் பகுதிகளை உருவாக்கியுள்ளன.

வரலாறு

கூடை போல முடைந்து தோல் போர்த்திய வட்டப் படகுகள் உலகின் பல பகுதிகளில் மிகப் பழங்காலம் முதலே இருந்துள்ளன. கி.மு. 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, யூப்ரடீசு ஆற்றின் வழியே பாபிலோனுக்கு வந்த இத்தகைய படகுகளை விவரித்துள்ளார். நீரோட்டத்திற்கு எதிராக அவற்றைத் திரும்பச் செலுத்த இயலாது. ஆகையால் வணிகர்கள் சரக்கை விற்றபின் படகின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதையின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினர் என்று அவர் குறிப்பிடுகின்றார். பயன்படுத்திய வட்டப் படகின் விற்பனை பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்றாகும். ஈராக்கில் குஃபா எனப்படும் வட்டப் படகு நிலக்கீல் பூசப்பட்டு 20 ஆம் நூற்றாண்டு வரை பயன்பாட்டில் இருந்தது. வேல்சு நாட்டிலும், திபெத்திலும், வியட்நாமிலும் இவற்றை ஒத்த கூடைப் படகுகள் உள்ளன.

தென்னிந்தியாவில் விசயநகரத்திற்கு 1520 ஆம் ஆண்டையொட்டி வந்த போர்த்துக்கீசப் பயணி தொமிங்கோ பயசு, துங்கபத்திரை ஆற்றில் கூடை போன்ற தோல் படகுகளில் மக்கள் கடந்து சென்றதை எழுதியுள்ளார். அவை பதினைந்து முதல் இருபது பேரைச் சுமந்தன என்றும், நேராகச் செல்லாமல் சுழன்றுகொண்டே சென்றன என்றும் அவர் குறித்துள்ளார். 1803 ஆம் ஆண்டில் மராத்தியருக்கு எதிரான போரில் ஆர்தர் வெல்லெசுலியின் படையும் ஆறுகளைக் கடக்கக் கூடைப் படகுகளைப் பயன்படுத்தியது. சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய சேம்சு ஆர்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

முற்காலத்தில் மாட்டுத் தோலே பரிசலின் உறையாக இருந்தது. தோல் நீரில் ஊறி மென்மையாகும். தொடர்ந்து ஈரமாக இருந்தால் அழுகும். ஆகவே ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னும் பரிசலைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டியிருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெகிழித் தாள்களும் நெகிழிச் சாக்குகளும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் தோலின் இடத்தை அவை பிடித்தன. இவற்றின் மேல் தார் பூசப்படுகின்றது.

அமைப்பு

சாதாரணப் பரிசல் ஏறத்தாழ 1.9 மீட்டர் விட்டம் உடையது. மீன்பிடிப் பரிசல்கள் இதனினும் சிறியனவாகவும், பயணிகளை ஏற்றும் பரிசல்கள் பெரியனவாகவும் இருக்கலாம். அதன் உறுப்புகள் பின்வருமாறு:

அடிப்பகுதி: நீளமான மூங்கில் பிளாச்சுகள் தரையில் பல திசைகளில் ஒன்றின் குறுக்கே ஒன்றாகப் பரப்பி முடையப்படுகின்றன. முடையும்போது நடுவில் கற்களை ஏற்றி அடிப்பகுதி தட்டையாக அமையும்படி செய்வர். பிளாச்சுகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களே அடிப்பகுதியின் பிடிமானம் ஆகும். ஆணி எதுவும் பயன்படுத்தப்படுவதில்லை.

பக்கச்சுவர்: அடிப்பகுதியில் பரப்பிய பிளாச்சுகளின் முனைகளே மேல்நோக்கி வளைக்கப்பட்டுப் பக்கச்சுவராகின்றன. இவற்றின் ஊடே வட்டமாகச் செல்லும் பிளாச்சுகள் பின்னப்படுகின்றன. அடியிலிருந்து பக்கம் எழும் வளைவில் மூங்கில் நார்கள் மிகுதியாக இழுபடுகின்றன.

விளிம்பு: பல பிளாச்சுகளைச் சேர்த்துத் தடித்த வளையமாகப் பின்னிய மேல் விளிம்பு, பக்கச்சுவரின் எல்லா முனைகளையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. வளைக்கப்பட்ட பிளாச்சுகள் வெளிப்புறமாக விரிய முயல்வதை இவ்வளையமே தடுத்து நிறுத்துகின்றது. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை எப்படியோ, பரிசலுக்கு விளிம்பு அப்படி எனலாம்.

உறை: நெகிழித் தாளோ சாக்கோ வெளிப்புறம் முழுவதும் இழுத்துப் போர்த்தப்பட்டு விளிம்போடு சேர்த்துக் கட்டப்படுகின்றது. அதன்மேல் உருக்கிய தார் பூசப்படுகின்றது. உறையின் வேலை நீரைத் தடுப்பது மட்டுமே. பாரத்தைத் தாங்குவது மூங்கில்.

துடுப்பு: அகன்ற பலகை பொருத்திய கழி. சிறு பரிசலுக்கு ஒரு துடுப்பே போதுமானது.

பாய்மரப் படகில் பாயின் இழுவிசையைப் பாய்மரமும், அதனை நிறுத்தும் கயிறுகளும், அவற்றின் முனைப் பிணைப்புகளும் தாங்குகின்றன. பழைய பாய்மரப் படகை வாங்குபவர் கம்பிக் கயிற்றில் அறுந்த இழைகளையும், முனைகளில் துருவையும், பாய்மரத்தின் அடியில் விரிசலையும் தேடுவர். பரிசலில் இத்தகைய தனி உறுப்புகள் இல்லை. ஒவ்வொரு பிளாச்சும் ஒரு கயிறு போல இழுவிசையைப் பகிர்ந்துகொள்கின்றது. ஒரு பிளாச்சு முறிந்தால் அதன் பங்கு அடுத்தவற்றிற்குச் செல்வதால் பரிசல் உடனே செயலிழப்பதில்லை. அதன் சிறப்பும் இதுவே. அதன் ஆபத்தும் இதுவே. சேதம் பல நாட்கள் வெளியில் தெரியாமலேயே பெருகும்.

இயக்கம்

பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் துடுப்புப் போட்டால் அது அதே இடத்தில் சுழலும். ஆதலால் பரிசலோட்டி செல்லும் திசையை நோக்கி அமர்ந்து, துடுப்பை முன்னால் ஊன்றி, இடமும் வலமுமாக மாறி மாறித் தன்னை நோக்கி நீரை இழுப்பார்.

அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் பரிசலுக்கு மிகக் குறைந்த ஆழமே போதுமானது. நீரைத் தொடும் பகுதியின் விட்டம் 1.6 மீட்டர் என்று கொண்டால், அதன் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் ஆகும். ஆர்க்கிமிடீசு தத்துவத்தின்படி, அதில் 100 கிலோகிராம் பாரம் ஏறினால் பரிசல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழும். இரண்டு ஆட்களும் வலையும் மீனும் சேர்ந்து 200 கிலோகிராம் என்றால் 10 சென்டிமீட்டர் தாழும். இதே கணக்கின்படி, கசிவினால் உள்ளே ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் சேர்ந்தால் அதன் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். அந்நீர் ஓரிடத்தில் நில்லாமல் பரிசல் சாயும் பக்கமே ஓடிச் சேர்வதால், அசையாத 20 கிலோகிராம் சுமையைக் காட்டிலும் அது நிலைத்தன்மையைக் கெடுக்கின்றது. ஆகவே சிறு கசிவும் புறக்கணிக்கத்தக்கதன்று.

சேதம் ஏற்படும் வகைகள்

உளுத்தல்: மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை நாடி வண்டுகள் துளையிடுகின்றன. துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிரும். வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து கரைந்து இத்தாக்குதல் குறைகின்றது. நெடுநாள் பயன்படாமல் நிழலில் கிடந்த பரிசல்களில் உளுத்தல் மிகுதியாக இருக்கலாம்.

மட்குதல்: மூங்கிலை மட்கச்செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேரத் தேவை. இதனால் நீர்க்கோட்டையொட்டி மாறி மாறி நனைந்து காயும் பகுதியும், உறைக்கும் பிளாச்சுக்கும் இடையே நீர் சிக்கிக்கொள்ளும் பகுதியும் முதலில் மட்குகின்றன.

முறிவு: கல்லில் மோதுதல், பரிசலைத் தரையில் இழுத்துச் செல்லுதல், கரையில் வைத்து அதன் மேல் ஆட்கள் ஏறி நிற்றல் ஆகியவற்றால் பிளாச்சுகள் முறிகின்றன. நன்கு காய்ந்த மூங்கில் ஈர மூங்கிலைவிட எளிதில் வளையாது. எனவே கோடையில் நெடுநாள் வெயிலில் கிடந்த பரிசலை உடனே பாரம் ஏற்றிப் பயன்படுத்துவது நல்லதன்று.

உறை நலிதல்: கதிரவனின் புற ஊதாக் கதிர்களால் நெகிழி நாளடைவில் நொறுங்கும் தன்மையை அடைகின்றது. தார் உதிர்ந்து நெகிழி வெளியே தெரியும் இடங்களிலும், விளிம்பில் மடித்துக் கட்டிய இடத்திலும் இது விரைவாக நிகழ்கின்றது. தார் வெப்பத்தில் இளகி வழிவதும், நாட்பட வெடிப்பதும் உண்டு.

பழைய பரிசலை வாங்கும்போது செய்யும் சோதனைகள்

பழைய பரிசலுக்குப் புதிதாகத் தார் பூசினால் அது புதிய பரிசல் போலவே தோன்றும். புதுத் தார் தன்னளவில் குறையன்று. முறையாகப் பராமரிக்கப்படும் பரிசலுக்கும் அவ்வப்போது தார் பூசப்படுகின்றது. ஆயினும் தார் வெளியே வெடிப்புகளை மூடுமே தவிர உள்ளே முறிந்த பிளாச்சை ஒட்டாது. எனவே சோதனையை எப்போதும் உட்புறத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். இயலுமாயின் தார் பூசுவதற்கு முன்பே பரிசலைப் பார்ப்பது சிறந்தது.

1. வடிவம்

பரிசலைச் சமதரையில் வைத்து ஒரு கயிற்றால் அதன் வாயின் விட்டத்தை அளக்க வேண்டும். பின்னர் அதற்குச் செங்குத்தான திசையில் அதே கயிற்றால் மீண்டும் அளக்க வேண்டும். கையால் முடையப்படுவதால் சிறு வேறுபாடு இயல்பே. வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவிற்கு இருந்தால் விளிம்பு வளையம் தளர்ந்திருக்கின்றது அல்லது ஒருபுறம் முறிந்திருக்கின்றது எனக் கொள்ளலாம். பரிசலைக் கவிழ்த்து, அடிப்பகுதியில் பள்ளமோ புடைப்போ உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

2. விளிம்பு

விளிம்பை இரு கைகளாலும் பற்றி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை அழுத்தியும் இழுத்தும் பார்த்துக்கொண்டே சுற்றிவர வேண்டும். நல்ல விளிம்பு எல்லா இடங்களிலும் ஒரே அளவில் எதிர்த்து நிற்கும். ஓரிடத்தில் மட்டும் எளிதில் வளைந்தால் அங்கே உள்ளிருக்கும் பிளாச்சுகள் முறிந்திருக்கும். கயிற்றாலோ கம்பியாலோ புதிதாகச் சுற்றப்பட்ட இடத்தைத் தனியாகக் கவனித்தல் வேண்டும். விளிம்பு முறிந்த பரிசல், பாரம் ஏறும்போது வாய் விரிந்து பக்கச்சுவர் தாழ்வதற்கு இடமுண்டு.

3. முடைவு

உள்ளே விரித்திருக்கும் சாக்கு, பாய் முதலியவற்றை முழுவதும் எடுத்துவிட வேண்டும். ஆளும் பாரமும் அமரும் நடுப்பகுதியும், அடியிலிருந்து பக்கம் எழும் வளைவும் முதலில் பார்க்கத்தக்கவை. அங்கங்கே தனித்தனியாக ஓரிரு பிளாச்சுகள் முறிந்திருந்தால் அதனைச் சரிசெய்யலாம். அடுத்தடுத்த பிளாச்சுகள் ஒரே கோட்டில் முறிந்திருந்தால் அப்பரிசல் அக்கோட்டில் மடியத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அதனைத் தவிர்ப்பதே நன்று. பிளாச்சுகள் கடக்கும் இடங்களில் அவை நழுவி இடைவெளி அகன்றுள்ளதா என்பதும் நோக்கத்தக்கது. அகன்ற இடைவெளியில் உறை மட்டுமே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்.

4. மூங்கிலின் தன்மை

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் நல்ல மூங்கில் கணீரென ஒலிக்கும். மட்கியது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் ஆணியின் முனையை அழுத்தினால் நல்ல மூங்கிலில் அது இறங்காது. மட்கிய மூங்கிலில் எளிதில் இறங்கும். பரிசலை ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பக்கங்களைத் தட்டினால், உளுத்த தூள் துணியில் உதிர்வதைக் காணலாம். நீர்க்கோட்டையொட்டிய வட்டத்தில் இச்சோதனைகளை முழுமையாகச் செய்தல் வேண்டும்.

5. உறை

பரிசலைக் கவிழ்த்து வெயிலில் நிறுத்தி, அதன் அடியில் புகுந்து உள்ளிருந்து பார்த்தால், தார் விட்டுப்போன இடங்களும் துளைகளும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். வெளிப்புறத்தில் ஒட்டுகளின் எண்ணிக்கையைவிட அவை அமைந்துள்ள இடம் முக்கியமானது. பல ஒட்டுகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால், அவற்றின் அடியில் முடைவு பழுதடைந்திருக்க வாய்ப்பு மிகுதி. விளிம்போரத்தில் உறையை மெதுவாக மடக்கிப் பார்க்க வேண்டும். நொறுங்கினால் உறை முழுவதையும் மாற்ற வேண்டிய செலவு உள்ளது.

6. எடை

ஒரே அளவுள்ள வேறொரு பரிசலோடு ஒப்பிட்டுத் தூக்கிப் பார்ப்பது பயனுள்ளது. மிகுதியான எடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பல முறை பூசிய தார், அல்லது மூங்கிலில் ஊறிய நீர். இரண்டாவதாயின் சில நாட்கள் காயவைத்தபின் எடை குறையும். காய்ந்த பிறகும் பாரமாக இருக்கும் பரிசலில் ஏற்றக்கூடிய சுமை அந்த அளவிற்குக் குறையும்.

7. மிதப்புச் சோதனை

மேற்கூறிய சோதனைகளில் தேறிய பரிசலையே நீரில் இறக்க வேண்டும். வெறும் பரிசலை மிதக்கவிட்டால் அதன் அடிப்பகுதி மட்டுமே நனையும். பக்கச்சுவரின் கசிவு தெரியாது. எனவே கரையோரமாக, இடுப்பளவுக்கு மேற்படாத ஆழத்தில், ஆள் ஏறாமல், வழக்கமான பாரத்திற்கு இணையாக மண் மூட்டைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டி வைக்கலாம். கூரிய கற்களை நேரடியாக அடிப்பகுதியில் வைத்தல் கூடாது. உட்புறத்தில் நான்கு திசைகளிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, சில மணி நேரம் கழித்து நீர் சேர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நீர் ஊறிவரும் இடத்தை அப்போதே குறித்துக்கொள்வது பின்னர் ஒட்டுப் போடுவதற்கு உதவும். வெளிப்புறத்தில் நீர்க்கோடு எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும்.

8. துடுப்பும் உரிமமும்

துடுப்பின் கழியும் பலகையும் சேரும் இடத்தில் ஆட்டம் இருத்தல் கூடாது. துடுப்பு முறிந்தால் பரிசலைச் செலுத்த வேறு வழியில்லை. பரிசலை வாங்குவதால் மட்டும் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் உரிமையோ ஆட்களை ஏற்றும் உரிமையோ கிடைத்துவிடாது. மீன்பிடிப்பிற்கு மீன்வளத்துறையின் உரிமம் தேவை. பரிசல் துறைகளை உள்ளாட்சி அமைப்புகள் ஏலம் விடுவது வழக்கம்.

பழுதுபார்த்தல்

சிறு துளைக்கு, அவ்விடத்தை நன்கு காயவைத்துப் பழைய தாரைச் சுரண்டி எடுத்தபின், சூடான தாரைப் பூசி, அதன் மேல் துணியோ நெகிழிச் சாக்குத் துண்டோ ஒட்டி, மீண்டும் தார் பூசப்படுகின்றது. ஈரத்தின் மேல் தார் ஒட்டாது. துண்டு, துளையின் நாற்புறமும் போதிய அளவு பரந்திருக்க வேண்டும்.

முறிந்த பிளாச்சை உருவி எடுப்பதில்லை. அதன் பக்கத்திலேயே புதிய பிளாச்சு ஒன்றை முறிவின் இருபுறமும் பல கடப்புகளைத் தாண்டும்படி செருகினால், முடைவே அதனைப் பிடித்துக்கொள்கின்றது. காய்ந்த பிளாச்சு வளைக்கும்போது முறியுமாதலால் முன்கூட்டியே நீரில் ஊறவைக்கப்படும். விளிம்பின் ஒரு பகுதி முறிந்திருந்தால் அப்பகுதியைப் புதிய பிளாச்சுகளால் மறுபடியும் பின்ன வேண்டும். கயிற்றால் சுற்றுவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. அடிப்பகுதியின் நடுவில் முடைவு குலைந்த பரிசலைச் சீர்செய்வதைவிடப் புதியதை முடைவதே பொருத்தமானது.

பயன்படுத்தாத காலத்தில் பரிசலைக் கற்களின் மேல் கவிழ்த்து வைத்து, அடியில் காற்றோட்டம் இருக்கச் செய்தால் மட்குதலும் உளுத்தலும் குறையும். நகர்த்தும்போது இழுக்காமல் தூக்கிச் செல்வதே உறையின் ஆயுளை நீட்டிக்கும்.

பாதுகாப்பு

பரிசல் விபத்துகளில் உயிரிழப்பு ஏற்படுவது பெரும்பாலும் நீரில் மூழ்குவதாலாகும். நீச்சல் தெரிந்தவரும் வலையில் சிக்கினாலோ, களைத்துப் போனாலோ கரை சேர்தல் கடினம். ஆகவே உயிர்காப்பு அங்கி அணிவது இன்றியமையாதது. ஒகேனக்கலில் காவிரியில் நீர்வரத்து மிகும் நாட்களில் பரிசல் இயக்கத்திற்கு மாவட்ட நிருவாகம் தடை விதிப்பது வழக்கம்.

பரிசலில் எழுந்து நிற்பதும், அனைவரும் ஒரே பக்கம் சாய்வதும் அது கவிழக் காரணமாகின்றன. பாரத்தை நடுவில் தொடங்கிச் சமமாகப் பரப்ப வேண்டும். நீர் நிறைந்த மூங்கில் பரிசல் முழுவதும் அமிழாமல் பற்றிக்கொள்ள உதவலாம். ஆனால் ஏறி அமரும் அளவிற்கு அதற்கு மிதப்பு இருக்காது. ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, பரிசல் புதிதாக இருந்தபோது ஏற்றிய எண்ணிக்கை அன்று. அதன் இன்றைய நிலை அனுமதிக்கும் எண்ணிக்கையே ஆகும்.

இன்றைய நிலை

கண்ணாடி இழையால் செய்யப்பட்ட பரிசல்களும் தற்காலத்தில் பயன்பாட்டிற்கு வந்துள்ளன. இவை உளுப்பதோ மட்குவதோ இல்லை. ஆனால் மோதலில் விரிசல் விடக்கூடியன. கண்ணாடி இழைப் பொருள் நீரைவிட அடர்த்தி மிகுந்ததாகையால், காற்றறையோ நுரைப் பொருளோ இல்லாதவை நீர் நிறைந்தால் மூழ்கிவிடும். இவ்வகைப் பழைய பரிசலில் மயிரிழை விரிசல்களும், காற்றறையில் நீர் புகுந்துள்ளமையும் சோதிக்கத்தக்கவை. உள்நாட்டு மீனவர்களுக்கு மானிய விலையில் பரிசல்களையும் வலைகளையும் வழங்கும் திட்டங்களைத் தமிழ்நாடு மீன்வளத்துறை செயற்படுத்தியுள்ளது.

இருப்பினும் மூங்கில் பரிசல் வழக்கொழிந்துவிடவில்லை. உள்ளூரில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு, இயந்திர உதவியின்றி முடையவும் பழுதுபார்க்கவும் இயல்வது அதன் முதன்மையான நன்மையாகும். முடையத் தெரிந்த ஒருவர் பழைய பரிசலை உட்புறம் ஒருமுறை பார்த்தே அதன் நிலையைக் கூறிவிடக்கூடும். முடையும் தொழில் அருகினால், பரிசல்களோடு அவற்றை மதிப்பிடும் அறிவும் சேர்ந்தே மறையும்.

இவற்றையும் பார்க்கவும்

மேட்டூர் அணை
காவிரி ஆறு
ஒகேனக்கல் அருவி
கட்டுமரம்
மூங்கில்
ஆர்க்கிமிடீசு தத்துவம்